பெட்டி வீட்டுக்கு இரண்டு ஜன்னல்

ஐப்பசி மழை மூன்று நாளாக விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. நேற்று ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து, டார்ச்சோடு போய், மேற்குச் சுவர் ஜன்னலின் மேல்சட்டத்தை விரலால் தடவிப் பார்த்தேன். காய்ந்து கிடந்தது. கீழே வைத்திருந்த அலுமினியச் சட்டியிலும் ஒரு சொட்டு இல்லை. சித்திரையிலிருந்து இந்த ஜன்னலோடு மூன்று தடவை மல்லுக்கட்டியிருக்கிறேன். சரி, இனி எழுதலாம் என்று தோன்றியது.

எங்கள் தோப்பு புதுக்கோட்டை மாவட்டம் கீரமங்கலம் பக்கம். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வந்தபோது தென்னையில் பாதிக்கு மேல் சாய்ந்தது. ஓட்டு வீட்டின் மேல் பலாமரம் விழுந்தது. தப்பித்தது கழிப்பறை மட்டும்தான். அதற்கு மட்டும்தான் கான்கிரீட் தளம் போட்டிருந்தோம். அம்மா அதற்குப் பிறகு அக்கா வீட்டில் இருந்தார். ஆனாலும் வாரத்துக்கு ஒரு தடவை, "தோப்புல ஒரு கொட்டகை போட்டுக் குடு, நான் போயிடறேன்" என்பது நிற்கவில்லை. நான் திருப்பூரில் வேலை பார்க்கிறேன். கிடைப்பது ஞாயிற்றுக்கிழமை. செங்கல் அடுக்கிக் கட்டும் வீடென்றால் தினமும் பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும். அதனால்தான் பட்டறையில் முழுசாகச் செய்து லாரியில் கொண்டுவந்து இறக்கும் வீட்டுக்குப் போனேன்.

கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு பட்டறை. 20 அடிக்கு 10 அடி, எட்டரை அடி உயரம். இரும்புச் சட்டம், சுவரும் கூரையும் 50 மில்லிமீட்டர் பஃப் பேனல். இரண்டு பக்கமும் அரை மில்லிமீட்டர் வண்ணத் தகடு, நடுவில் நுரை. தரை 18 மில்லிமீட்டர் சிமென்ட் போர்டு, அதன்மேல் வினைல். சதுர அடி 1,450 ரூபாய், ஆக 2,90,000. அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 52,200. மூன்று வாரத்தில் ரெடி என்றார்கள், ரெடியாகவும் இருந்தது.

அவர்களுடைய வழக்கமான மாடலில் முன்சுவரில் ஒரு கதவு, ஒரு ஜன்னல், அவ்வளவுதான். கூடுதல் ஜன்னல் வேண்டுமென்றால் ஒன்றுக்கு 6,000 ரூபாய் என்றார்கள். வரைபடத்தில் பார்த்தபோது போதும் போலத்தான் இருந்தது. வேண்டுமானால் ஊரிலேயே வைத்துக்கொள்ளலாம், நம்ம வெல்டர் இருக்கிறார், ஒரு தகட்டை வெட்ட என்ன ஆகப்போகிறது என்று நினைத்தேன். இந்தப் பதிவின் பாதி அந்த ஒரு நினைப்புக்கு நான் கட்டிய அபராதம்.

பெட்டி வரும் முன்பே ஆறு பீடம் போட்டாகிவிட்டது. ஒன்றரை அடிச் சதுரம், மூன்றடி ஆழம், தரைக்கு மேல் ஒன்றரை அடி. செம்மண்ணும் செம்புராங்கல்லும் கலந்த இடம்; கடப்பாறை இறங்க மறுத்தது, குழி தோண்டவே இரண்டு நாள். கொத்தனார் ஒவ்வொரு பீடத்தின் தலையிலும் ரசமட்டம் வைத்துப் பார்த்தார். எல்லாம் சுத்தமாக இருந்தது. ஒரு பீடத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள மட்டத்தை மட்டும் நூல் கட்டிப் பார்த்தார். 20 அடி நூல் நடுவில் தொய்யும். நானும் பக்கத்தில்தான் நின்றேன், எனக்கும் உறைக்கவில்லை.

மாசியில் லாரி வந்தது. சுமார் 300 கிலோமீட்டர், வாடகை 26,000. தோப்புப் பாதையில் தாழ்ந்து கிடந்த கேபிள் டிவி வயரை ஒருவர் மூங்கிலால் தூக்கிப் பிடித்துக்கொண்டே நடந்து வந்தார். கிரேன் 7,000. இடம் பார்க்கும்போது நான் தரையை மட்டும்தான் பார்த்திருந்தேன், தலைக்கு மேலே பார்க்கவில்லை. கிரேனின் கை தென்னை மட்டையில் இடிக்க, நான்கு மட்டையை வெட்டிய பிறகுதான் பெட்டி திரும்பியது. இறக்கி வைத்தபோது மணி ஐந்து. எல்லோரும் கைதட்டினோம்.

ஆறு மணிக்கு முன்பக்க ஜன்னலைத் திறந்து விட்டேன். கண்ணாடி தானாக நகர்ந்து வந்து மூடிக்கொண்டது. மறுபடி திறந்தேன், மறுபடி மூடியது. கதவின் மேல் மூலை சட்டத்தில் உரசியது. அம்மா, "காத்தா இருக்கும்" என்றார். காற்றே இல்லை.

மறுநாள் காலை 30 அடி டியூப் வாங்கி, தண்ணீர் நிரப்பி, குமிழி இல்லாமல் தட்டிவிட்டு ஆறு பீடத்தையும் பார்த்தேன். டியூபின் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில்தான் நிற்கும். வடமேற்கு மூலைப் பீடம் மற்றவற்றைவிட 22 மில்லிமீட்டர் கீழே இருந்தது. டிராக்டர்காரரிடம் ஐந்து டன் பாட்டில் ஜாக்கி வாங்கி, ஒரு தேக்குக் கட்டையை இடையில் கொடுத்து மூலையை மெதுவாகத் தூக்கினோம். 12 மில்லிமீட்டர் தகடு ஒன்று, 10 மில்லிமீட்டர் தகடு ஒன்று, இரண்டையும் சொருகி இறக்கியதும் கதவு விரல் பட்டாலே மூடியது. டியூப் விலை 180 ரூபாய். முந்தின வாரமே வாங்கியிருக்கலாம்.

பெட்டியைப் பீடத்தோடு கட்டுவதில் அம்மா கண்டிப்பாக இருந்தார். கஜா அன்று பக்கத்துத் தோப்பின் கூரைத் தகடு எங்கள் கிணற்றடியில் வந்து கிடந்ததைப் பார்த்தவர் அவர். பீடத்தில் 16 மில்லிமீட்டர் போல்ட்டைப் பதித்துத்தான் வைத்திருந்தேன். ஆனால் பட்டறை வரைபடத்தில் இருந்த அடிச்சட்டமும் வந்து இறங்கிய அடிச்சட்டமும் இரண்டு அங்குலம் தள்ளி நின்றன. அப்புறம் ஆறு இடத்திலும் ஆங்கிள் துண்டு வெட்டி, சட்டத்தின் அடியில் பற்றவைத்து, அதன் வழியாகப் போல்ட்டை முடுக்கினோம்.

மின்சாரம் பற்றி ஒரு வார்த்தை. எலெக்ட்ரீஷியன், "மோட்டார் கொட்டகையிலேர்ந்து ஒரு வயர் இழுத்துடலாம்" என்றார். அது விவசாயத்துக்கான இலவச இணைப்பு, வீட்டுக்கு எடுக்கக் கூடாது. தனியாக வீட்டு இணைப்பு வாங்கினோம். வீடு முழுக்க இரும்பு என்பதால் எர்த்திங்கில் சிக்கனம் பார்க்கவில்லை. கரியும் உப்பும் போட்டு எட்டடிக் குழாய், அதிலிருந்து அடிச்சட்டத்தின் இரண்டு மூலைக்கும் பட்டை. மின்கசிவு வந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று. எல்லாம் சேர்த்து 18,500.

பங்குனி வந்ததும் பிரச்சினை தெரிந்தது. வெளியே நிழலில் 38 டிகிரி, உள்ளே 41. சுவர் சூடேறவில்லை, பஃப் பேனல் அந்த வகையில் நல்லதுதான். கூரையின் உட்புறம் 46 காட்டியது. சாயங்காலம் கிழக்கிலிருந்து கடல்காற்று வந்தது, கதவு வழியாக நுழைந்தது, மேற்குச் சுவரில் முட்டி அப்படியே நின்றது. வந்த காற்று வெளியே போக வழியில்லை. "உள்ள வந்த விருந்தாளி மாதிரி உக்காந்துக்குது" என்றார் அம்மா. மேற்குச் சுவரில் இரண்டு ஜன்னல், நான்குக்கு நான்கடி. முடிவாயிற்று.

முதல் ஜன்னலை நான்கு அங்குல கிரைண்டரால் வெட்டினோம். வெல்டர் அண்ணனிடம் இருந்தது அதுதான், நானும் வேறு யோசிக்கவில்லை. பத்து நிமிடத்தில் வெட்டி முடிந்தது. தகடு வெட்டுப்பட்ட ஓரமெல்லாம் பெயின்ட் கருகிச் சுருண்டது. நுரை கருகி வந்த புகையில் இரண்டு பேருக்கும் கண் எரிச்சல், தொண்டை கமறல். அந்தப் புகையை மூச்சில் இழுக்கவே கூடாது, முகத்தில் கட்டிய துண்டெல்லாம் அதற்குப் போதாது. இதைவிடப் பெரிய சேதம் அப்போது கண்ணுக்குத் தெரியவில்லை. தீப்பொறி பறந்து விழுந்த சுவரில் ஊசிமுனை அளவில் இரும்புத் துகள் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. முதல் மழைக்குப் பிறகு ஜன்னலுக்குக் கீழே மூன்றடி நீளத்துக்குச் சுவர் அம்மை போட்டதுபோல் ஆனது, ஒவ்வொரு புள்ளியும் துரு. ஸ்காட்ச் பிரைட்டால் தேய்த்து, ஜிங்க் பிரைமர் தொட்டு, மேலே பெயின்ட் அடித்தேன். கிட்டப்போய்ப் பார்த்தால் இன்னும் தெரியும்.

இரண்டாவது ஜன்னலுக்கு ஜிக்சா ரம்பம் வாடகைக்கு எடுத்தேன், நாளுக்கு 300 ரூபாய். செய்த விதம் இது. நான்கு மூலையிலும் நீளமான 6 மில்லிமீட்டர் டிரில் பிட்டால் உள்ளிருந்து வெளியே ஓட்டை. பிட் சாயாமல் இருக்க ஒரு மரக்கட்டையில் நேராக ஓட்டை போட்டு அதன் வழியாக விட்டேன். வெளிப்பக்கம் நான்கு ஓட்டையையும் கோட்டால் இணைத்தால் உள்ளும் வெளியும் ஒரே கட்டம். ஜிக்சாவின் அடித்தகடு பெயின்ட்டைக் கீறாமல் இருக்கக் கோட்டின் இருபுறமும் மாஸ்கிங் டேப். இரும்பு வெட்டும் பொடிப்பல் பிளேடு, குறைந்த வேகம். வெளித்தகட்டை வெளியிலிருந்தும் உள்தகட்டை உள்ளிருந்தும் தனித்தனியாக வெட்டினேன். நடுவில் உள்ள நுரையை ஹாக்ஸா பிளேடின் ஒரு முனையில் துணியைச் சுற்றிக் கையால் அறுத்தேன். ரொட்டி அறுப்பது மாதிரி போகும். முக்கால் மணி நேரம் ஆனது. புகை இல்லை, பொறி இல்லை, ஓரம் சுத்தம். பிளேடு நான்கு செலவு.

ஜன்னல் சட்டத்துக்கு 40 மில்லிமீட்டர் சதுரக் குழாய், 2 மில்லிமீட்டர் கனம். அதை வெட்டிய ஓட்டைக்குள் வைத்து நிறுத்த நான்கு இடத்தில் பற்றவைக்கலாம் என்றார் அண்ணன். முதல் புள்ளி வைத்தார். இரண்டாவது வைத்தபோது சுவருக்குள்ளிருந்து நூல் மாதிரி புகை வந்தது. அவர் கையை எடுத்த பிறகும் நிற்கவில்லை. தகட்டுக்குப் பின்னால் நுரை கனிந்துகொண்டிருந்தது. தொட்டியில் கிடந்த சணல் சாக்கை அப்படியே ஈரத்தோடு தூக்கி அமுக்கினேன். அண்ணன் கருகிய நுரையை ஸ்குரூ டிரைவரால் குத்தி வெளியே எடுத்தார். கைப்பிடி அளவு இருக்கும். அரை மணி நேரம் சுவரில் கையை வைத்துக்கொண்டு நின்றோம், வேறு எங்காவது சூடு ஓடுகிறதா என்று.

"தம்பி, இது இரும்பு வேலை இல்ல, தையல் வேலை" என்றார் அண்ணன். அதற்குப் பிறகு பற்றவைப்பது எல்லாம் பலாமரத்தடியில். சுவரில் ரிவெட்டும் போல்ட்டும் மட்டும். சட்டத்துக்கு இரண்டு பக்கமும் ஓரப்பட்டி வளைத்து, நுரை எங்குமே வெளியே தெரியாதபடி மூடினோம். இரண்டு வாரம் மூடாமல் விட்டிருந்த ஓரத்தில் சிவப்பு எறும்பு குடைந்து உள்ளே போயிருந்ததையும் அப்போதுதான் பார்த்தோம்.

சித்திரைக் கடைசியில் மேற்கே இடி இடித்து ஒரு கோடை மழை. இருபது நிமிடம்தான். முதல் ஜன்னலின் மேல்சட்டத்தின் நடுவிலிருந்து சொட்டத் தொடங்கியது. இரண்டாவது ஜன்னல் காய்ந்திருந்தது. கிரைண்டர் வெட்டு கோணல், அதனால் இடைவெளி என்று முடிவுகட்டி, சட்டத்தைச் சுற்றி இன்னொரு டியூப் சிலிக்கான் பிதுக்கினேன். பழைய சிலிக்கானின் மேல் புதிய சிலிக்கான் ஒட்டாது. அதை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும். நான் சுரண்டவில்லை. அடுத்த மழையில் அது பட்டை பட்டையாக உரிந்து தொங்கியது.

இரண்டாவது தடவை ஒழுங்காகச் செய்ததாகவே நினைத்தேன். சட்டத்தைக் கழற்றி, எல்லாம் சுரண்டி, சிலிக்கானுக்குப் பதில் பியூ (பாலியூரிதேன்) சீலன்ட். புதுக்கோட்டையில் தகடு வளைக்கும் கடையில் ஜன்னல் தலைக்கு ஒரு மழைத்தகடு வளைத்து வந்து மாட்டினேன். ஜன்னலின் கீழ்ச்சட்டத்தில் தண்ணீர் வடிய இரண்டு 6 மில்லிமீட்டர் ஓட்டையும் போட்டேன். ஆனி மழையில் மறுபடி அதே இடத்தில், அதே நடுவில், அதே சொட்டு. அம்மா எதுவும் சொல்லவில்லை. சட்டியைக் கொண்டுவந்து கீழே வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதற்கென்றே ஒதுக்கினேன். ஹோஸ் பைப்பை எடுத்துக் கூரை விளிம்பிலிருந்து கீழே வரை அடித்தேன். சொட்டியது. எங்கிருந்து என்று தெரியவில்லை, ஏனென்றால் எல்லாமே நனைந்துவிட்டது. காயவைத்துவிட்டு, மதியத்துக்கு மேல் கீழிருந்து தொடங்கினேன். கீழ்ச்சட்டத்தில் மட்டும் பத்து நிமிடம், ஒன்றுமில்லை. பக்கச் சட்டங்களில் பத்துப் பத்து நிமிடம், ஒன்றுமில்லை. மழைத்தகட்டில் பத்து நிமிடம், ஒன்றுமில்லை. ஜன்னலுக்கு மேலே சுவரில், ஒன்றுமில்லை. அம்மா உள்ளே நாற்காலி போட்டு உட்கார்ந்து, "இல்ல... இல்ல..." என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். கடைசியாகக் கூரையும் சுவரும் சேரும் மேல் விளிம்பில் அடித்தேன். ஏழாவது நிமிடம், "வருதுடா" என்றார்.

ஜன்னலுக்கும் அந்த விளிம்புக்கும் நடுவில் ஒன்றரை அடி சுவர். அந்தத் தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது? சுவரை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தச் செங்குத்துக் கோடு கண்ணில் பட்டது. பேனலின் அகலம் ஒரு மீட்டர். ஒன்றின் ஓரம் அடுத்ததன் பள்ளத்தில் சொருகி நிற்கும், அந்தச் சந்துதான் கோடு. நான் வெட்டியது நான்கடி, அதாவது 1,220 மில்லிமீட்டர். எப்படி வைத்தாலும் ஒரு சந்தையாவது அறுத்துக்கொண்டுதான் போகும். முதல் ஜன்னலின் சந்து சரியாக நடுவில். மேல் விளிம்பில் பட்டறையிலேயே சீலன்ட் ஓர் இடத்தில் விட்டுப்போயிருக்கிறது. அந்த வழியாகத் தண்ணீர் முன்பும் புகுந்துதான் இருக்கும். சந்துக்குள்ளேயே ஓடி அடிச்சட்டம் வழியாக வெளியேறியிருக்கும், யாருக்கும் தெரிந்திருக்காது. நான் அந்த வாய்க்காலை நடுவில் வெட்டி, அதன் வாயை அம்மாவின் கட்டிலுக்கு நேராகத் திறந்துவிட்டேன்.

மூன்று மாதமாக நான் மருந்து போட்டது சொட்டும் இடத்துக்கு.

மூன்றாவது தடவை வேலை ஏணியில். மேற்குப் பக்கம் கூரை ஓரப்பட்டியின் ரிவெட்டுகளைத் துளைத்து எடுத்து, பட்டியைத் தூக்கி, அடியில் இருபது அடிக்கும் பியூட்டைல் டேப் (பிசுபிசுப்பான ரப்பர் பட்டை) ஒட்டி மறுபடி ரிவெட் அடித்தோம். விடுபட்ட இடம் விரல் நீளம்தான். ஜன்னல் தலையில் அறுபட்ட சந்தின் வாயிலும் சீலன்ட் அடைத்தேன். அதன் முன்னால் மழைத்தகட்டில் ஒரு சின்ன வெட்டு, தப்பித்தவறி வந்தாலும் வெளியே போகட்டும் என்று. இரண்டாவது ஜன்னல் ஏன் ஒழுகவில்லை என்றால், அதன் சந்துக்கு மேலே பட்டறைக்காரர் ஒழுங்காகப் பூசியிருந்தார். என் ஜிக்சா வேலையின் பெருமை அதில் ஒன்றுமில்லை.

இதற்கு முன்பே தீர்மானித்திருந்த இன்னொரு வேலை, கூரைக்கு மேல் கூரை. அண்ணனின் முதல் யோசனை பெட்டியின் மேலேயே கால் நட்டுத் தகடு போடுவது. மேலே ஒரு ஓட்டைகூடப் போட மாட்டேன் என்றேன். எல்லாக் கால்களும் தனியாகத் தரையில், இரண்டு அங்குல ஜிஐ குழாய், மூன்றடி ஆழக் கான்கிரீட்டில். குழாயின் அடியில் ஒரு அடிக் கம்பியைக் குறுக்கே பற்றவைத்துப் புதைத்தோம், காற்று பிடுங்கினாலும் கிளம்பாது. திண்ணையையும் சேர்த்து ஒரே சரிவாகப் போட நினைத்திருந்தேன். கிழக்குப் பக்கம் அண்ணாந்து பார்க்கும் உயரத்துக்குப் போய்விடும், சாரல் உள்ளே அடிக்கும் என்று அண்ணன் தரையில் குச்சியால் வரைந்து காட்டினார். "ரெண்டாப் பிரிச்சுடுங்க தம்பி." அது சரியான யோசனை. பெட்டிக்கு மேல் 24 அடிக்கு 15 அடி, மேற்கே மூன்றடி வெளியே நீட்டி, கிழக்கு விளிம்பு பன்னிரண்டரை அடி, மேற்கு விளிம்பு 11 அடி. அதற்குக் கீழே புகுந்தாற்போல் முன்பக்கம் 20 அடிக்கு 8 அடியில் தாழ்வான திண்ணைக் கூரை. மொத்தம் 520 சதுர அடி, பொருளும் கூலியும் சேர்த்துச் சதுர அடிக்கு 190, ஆக 98,800. ஸ்குரூவெல்லாம் தகட்டின் மேட்டில். வாஷர் ரப்பர் லேசாக அமுங்கியதும் நிறுத்த வேண்டும். பையன் ஒருவன் வேகத்தில் முடுக்கி, ரப்பர் பிதுங்கி வெளியே வந்த ஒரு வரிசையை மறுபடி மாற்றினோம்.

பெட்டியின் தலைக்கும் இந்தத் தகட்டுக்கும் நடுவில் மேற்கே ஒன்றேகால் அடி, கிழக்கே இரண்டேகால் அடி இடைவெளி. காற்று அதில் ஓடுகிறது. ஆவணியில் வெளியே 36 இருந்த ஒரு மதியம், உள்ளே 35. கூரையின் உட்புறம் 36. பங்குனியில் அதே இடம் 46. ஜன்னலும் இதில் சேர்ந்து வேலை செய்கிறது, எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஃபேன் போட்டால் அம்மா போர்வை கேட்கிறார். நான் திருப்பித் தொடங்குவதானால் ஜன்னலுக்கு முன்பே இந்தக் கூரையைப் போட்டிருப்பேன். மூன்றடி நிழலுக்குக் கீழே அந்தச் சுவர் இப்போது சாதாரண மழைக்கு நனைவதே இல்லை. ஏணியில் ஏறாமலே ஒழுகல் பாதி நின்றிருக்கும்.

உள்ளே ஒரு கூத்து நடந்தது. அடுக்களை மூலையில் பித்தளைப் பாத்திரத்துக்கு மரப்பலகை வேண்டும் என்றார் அம்மா. சுவரில் ஆறு ஸ்குரூ போட்டு மாட்டினேன். கை வைத்து அமுக்கினேன், நின்றது. அரை மில்லிமீட்டர் தகடு, அதன் பின்னால் நுரை. ஸ்குரூவுக்குக் கவ்விக்கொள்ள என்ன இருக்கிறது? மூன்றாம் நாள் அண்டா, சொம்பு, குத்துவிளக்கு எல்லாம் ஒன்றாக இறங்கின. வினைல் தரையில் அந்த அண்டாவின் பிறைத் தழும்பு இருக்கிறது. சுவரின் மறுபக்கம் தகடு வைத்துப் போல்ட் போடலாம், ஆனால் அது மறுபடி வெளிச்சுவரில் ஓட்டை. துளையுள்ள ஆங்கிளில் தரையில் நிற்கும் ரேக் ஒன்று வாங்கி வைத்துவிட்டோம். அடுப்புக்குப் பின்னால் சுவரிலிருந்து ஒரு அங்குலம் தள்ளி சிமென்ட் போர்டு நிற்கிறது. அன்று அந்தப் புகை நூலைப் பார்த்த பிறகு அந்த மூலையில் எனக்குத் துணிச்சல் இல்லை. அம்மாவும் பாதி நாள் வெளியே விறகடுப்பில்தான்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பெட்டி வரியோடு 3,42,200. லாரியும் கிரேனும் 33,000. பீடம் 21,500. ஜன்னல் இரண்டும் 21,100: அலுமினிய ஜன்னல் 10,400, சட்டமும் கூலியும் 6,800, சீலன்ட், டேப், பிளேடு, ரிவெட், பிரைமர் 3,900. பட்டறையிலேயே சொல்லியிருந்தால் 12,000. என் ஞாயிற்றுக்கிழமைகளுக்கு விலை போடவில்லை. மேற்கூரை 98,800, மின்சாரம் 18,500, திண்ணையும் படியும் 14,000. ஆக 5,49,100. கழிப்பறைக்குச் செலவில்லை, கஜாவில் நின்றது அப்படியே நிற்கிறது.

அடுத்த தடவை என்றால், அப்படி ஒன்று வந்தால், பட்டறைக்குப் போய்ப் பேனல் வரிசையாக நிற்கும் வரைபடத்தைக் கேட்டு வாங்குவேன். ஜன்னலை மூன்றடிக்குள், ஒரே பேனலின் நடுவில் வைக்கச் சொல்வேன். பாத்திரப் பலகை வரும் இடத்தில் சுவருக்குள் ஒரு இரும்புப் பட்டி வைக்கச் சொல்வேன். லாரியில் ஏற்றும் முன் பட்டறை வாசலிலேயே ஹோஸ் பைப் கேட்பேன்.

திண்ணைக்கும் படிக்கும் பழைய வீட்டின் செம்புராங்கல்லையே எடுத்துக்கொண்டோம். படி ஒவ்வொன்றும் ஆறு அங்குலம், அம்மாவின் முழங்காலுக்கு அதுதான் அளவு. அந்த வேலை முடியும்போது அவர் ஒன்று கேட்டார். பழைய வீட்டு வாசலில் ஒரு விளக்கு மாடம் இருந்தது, அது இங்கே எங்கே? இரண்டு அங்குலச் சுவரில் மாடம் வைக்க முடியாது, அதிலும் நெருப்பு வைக்கிற மாடம். கதவுக்குப் பக்கத்தில் திண்ணைமேல் ஒரு அடிச் சதுரத்தில் நான்கடி உயரத்துக்குச் செம்புராங்கல் தூண் ஒன்று கட்டி, மேலிருந்து இரண்டாவது கல்லைக் குடைந்து மாடம் வைத்தேன். உளியும் சுத்தியலும் கொண்டு ஒரு சாயங்காலம் ஆனது. கல் மண் மாதிரி உதிர்ந்து கொடுத்தது.

கிழக்குப் பார்த்து வைத்துவிட்டேன். ஆறு மணிக்கு அம்மா விளக்கேற்றுவார், ஆறே காலுக்குக் கடல்காற்று வரும், அணைத்துவிட்டுக் கதவு வழியாக உள்ளே போய் மேற்கு ஜன்னல்கள் வழியாக வெளியே போகும். மழை விட்டதும் மேல் இரண்டு கல்லையும் பிரித்து வடக்குப் பார்க்கத் திருப்பி வைக்க வேண்டும்.